பாட்டை வெட்டினது ஆர்?



போன மாதம் ஒரு மத்தியானம், உரும்பிராய்ச் சந்தியிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசகர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எழுபது வயது தாண்டியிருக்கும். கரியரில் ஒரு பழைய பிஸ்கற் ரின், ரியூப் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே பதினொரு கசெற்றுகள். "தம்பி, எறியவும் மனம் வரேல்லை. வைச்சிருந்தால் பிள்ளையள் பேசுதுகள். நீங்கள் புத்தகம் போடுற ஆக்கள், ஏதும் செய்யுங்கோ" என்று மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணியும் குடியாமல் போய்விட்டார்.

ஒவ்வொரு பெட்டியிலும் நீல மையில் பாட்டுகளின் பட்டியல். றெக்கோடிங் பாருக்குத் துண்டு எழுதிக் கொடுத்துப் பதிந்த காலத்துக் கையெழுத்து. அதில் ஒரு வரி: "தூரத்தில் நான் கண்ட – ஜானகி – நிழல்கள் (படத்தில் இல்லை)". அடைப்புக்குறிக்குள் கிடந்த அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த விசயம் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பெரியப்பா வீட்டில் கலியாணம் முடிந்த மறுநாள், ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டார்கள். ஓர் இரவுக்கு மூன்று படம் என்பது அந்த நாளைய கணக்கு. முதலாவது சண்டைப்படம், இரண்டாவது பக்திப்படம். மூன்றாவது, மச்சாள் ஒருத்தி அடம்பிடித்துக் கேட்ட 'நிழல்கள்'. அவளுக்குப் படம் வேண்டியதில்லை, அந்தப் பாட்டுத்தான் வேண்டும். றேடியோவில் எத்தனையோ தரம் கேட்ட ஜானகியின் பாட்டு. அதை யார் பாடுகிறார்கள், எங்கே நின்று பாடுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். பொன்மாலைப் பொழுது வந்தது. மடை திறந்து வந்தது. பூங்கதவே வந்தது. பாயில் கிடந்த பாதிப்பேர் குறட்டை விட்டார்கள், மச்சாள் மட்டும் நிமிர்ந்து இருந்தாள். படம் முடிந்து ரீவியில் புள்ளி புள்ளியாகக் கொட்டத் தொடங்கியபோதும் அவள் எழும்பவில்லை.

"பாட்டை வெட்டிப்போட்டாங்கள்" என்று காலையில் தீர்ப்பு வந்தது. வெட்டினது ஆர்? கசெற் கடைக்காரன்தான், வேறு ஆர்? ஒரு கசெற்றில் இரண்டு படம் அடக்குவதற்காக இடையில் பாட்டுகளைக் கத்தரிக்கிறவர்கள் இருந்தார்கள் என்பதால் சந்தேகம் நியாயமாகத்தான் பட்டது. பெரியப்பா நேரே கடைக்குப் போய், மூன்றாவது படத்துக்குப் பாதிக் காசுதான் தருவேன் என்று நின்றார். கடைக்காரப் பெடியன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. "அண்ணை, எனக்கு வந்த கொப்பியே உதுதான்." பெரியப்பா மசியவில்லை. பாதிக் காசோடுதான் திரும்பினார்.

அந்தப் பெடியன் சொன்னது உண்மை. பாரதிராஜாவின் 'நிழல்கள்' 1980 இல் வந்தது. இளையராஜா இசை. வைரமுத்து சினிமாவுக்கு எழுதிய முதல் பாட்டு அந்தப் படத்தில்தான் இருக்கிறது. பஞ்சு அருணாசலம் எழுதி ஜானகி பாடிய இந்தப் பாட்டு, பதிவானது, இசைத்தட்டில் வெளிவந்தது, படத்தில் மட்டும் சேரவில்லை. இது எங்களுக்குத் தெரியவந்தபோது ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பெரியப்பா கடைசிவரை அந்தக் கடைக்குப் போய் மிச்சக் காசைக் கொடுக்கவுமில்லை, "பிழை விட்டிட்டன் தம்பி" என்று சொல்லவுமில்லை.

படத்தில் இல்லாத பாட்டு எப்படி ஊரெல்லாம் கேட்டது? அந்த நாளில் தமிழ்ச் சினிமாவில் வேலை நடந்த ஒழுங்கு அப்படி. முதலில் பாட்டைப் பதிவார்கள். அதை ஒலிக்கவிட்டு, நடிகர்கள் வாயசைக்கப் படம் பிடிப்பார்கள். படம் தியேட்டருக்கு வருமுன்னரே இசைத்தட்டு கடைக்கு வந்துவிடும். படத்தொகுப்பு மேசையில் நீளம் பார்த்து வெட்டுவது இதெல்லாம் முடிந்த பிறகு. அந்த நேரம் இயக்குநர் ஒரு பாட்டை எடுத்தெறிந்தால் அது பிலிமிலிருந்து போகுமே தவிர, விற்றுப்போன தட்டிலிருந்து போகாது. வெட்டுப்பட்ட காட்சிக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது. அது பிலிம் துண்டாகக் கூடைக்குள் போகும், பிறகு எங்கே போனது என்று கேட்பாருமில்லை. பின்னணி இசையின் கதை இதற்கு நேர்மாறு. வெட்டி ஒட்டி முடித்த படத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் அதை வாசிப்பார்கள். ஆகவே அது படத்துக்குள்ளேயே கிடக்கும். வசனத்தோடும் வாகனச் சத்தத்தோடும் கலந்துபோய், தட்டில் வராது.

இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு துணுக்குச் செய்தி. எங்களுக்கு அப்படியல்ல. எங்களுக்குப் பாட்டு வேறு, படம் வேறு. பாட்டைக் கொண்டுவந்து தந்தது கொழும்பு வானொலி. படம் எப்போதாவது வரும், சில படம் வராமலே போகும். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு, பிறகு யுத்தம். றேடியோவில் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார், நாங்கள் அந்தப் பெயரை ஒரு ஊரின் பெயரைப்போல நினைத்துக்கொள்வோம். போய்ப் பார்க்காத ஊர். படத்தில் எப்படி எடுத்திருந்தாலும், நாங்கள் கேட்டபோது மனதில் ஓடிய படம் தோட்டத்து வரம்பும் பனங்கூடலும்தான். அதனால் படத்தில் இல்லாத பாட்டும் இருக்கிற பாட்டும் எங்கள் காதுக்கு ஒன்றாகவே இருந்தன. மச்சாளைப்போல டெக்கின் முன்னால் விழித்திருந்து ஏமாந்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது.

அடுத்த முறை இது நடந்தபோது நாங்கள் தேறிவிட்டோம். 1991 தீபாவளிக்கு மணிரத்னத்தின் 'தளபதி' வந்தது. யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் கேட்ட காலம். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் யேசுதாஸின் குரல் மெல்ல மெல்லக் கிணற்றுக்குள் இறங்கும், "டேய் சுத்தடா" என்று யாராவது கத்த மேலே ஏறிவரும். 'புத்தம் புது பூ பூத்ததோ' என்ற வாலியின் பாட்டை நான் அப்படி ஏறி இறங்கித்தான் மனப்பாடம் செய்தேன். யேசுதாஸும் ஜானகியும் பாடியது. அந்தப் பாட்டும் படத்தில் இல்லை. பின்னொருநாள் படம் பார்த்தபோது யாரும் கடைக்காரனோடு சண்டைக்குப் போகவில்லை.

எங்கள் பக்கவடிவமைப்பாளர் தங்கச்சி இதை வாசித்துவிட்டு, "ஏன் அண்ணா, 'ஆயிரத்தில் ஒருவன்' பாட்டு, ஆண்ட்ரியா பாடின 'மாலை நேரம்' அதுவும் படத்தில் இல்லையே" என்றாள். 2010 ஆம் ஆண்டுப் படம். அவளுக்கு அது யூடியூப்பில் கேட்ட பாட்டு. படத்தில் இருக்கிறதா இல்லையா என்பது அவள் வயதுக்காரருக்குப் பெரிய விசயமில்லை போலிருக்கிறது.

பாட்டை விட்டு, படமே மிச்சமாகிப்போன கதையும் உண்டு. எம்.ஜி.ஆர். நடிக்க, ஸ்ரீதர் இயக்கத்தில் தொடங்கி முடியாமல் நின்ற படம் 'அண்ணா நீ என் தெய்வம்'. எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார், பிலிம் பெட்டிக்குள் போனது. அவர் இறந்து ஏறக்குறைய மூன்று வருடத்துக்குப் பிறகு, பாக்யராஜ் அந்தக் காட்சிகளை எடுத்து, சுற்றிவரப் புதுக்கதை ஒன்று கட்டி, 1990 இல் 'அவசர போலீஸ் 100' என்று வெளியிட்டார். எங்கள் ஒழுங்கையில் ஜெனரேற்றர் பிடித்து அந்தப் படத்தைப் போட்டார்கள். எம்.ஜி.ஆர். திரையில் தோன்றியதும் ஒரு ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார். கதை எனக்கு ஒட்டவில்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டிக்குள் கிடந்ததை வைத்து இப்படியும் செய்யலாம் என்று யோசித்த அந்த மூளையை மெச்சத்தான் வேண்டும்.

விடுபட்டதெல்லாம் பொக்கிசம் என்று சொல்ல நான் வரவில்லை. பத்திரிகை ஆசிரியன் அப்படிச் சொன்னால் அவன் கை கூசும். போன இதழில் துலாக் கிணறு பற்றி ஒரு கட்டுரை வந்ததே, அது எட்டுப் பக்கமாக வந்தது. ஐந்தாக்கினேன். துலா மிதிக்கிறபோது தண்ணீர் எண்ணிப் பாடுவதைப் பற்றிய பந்தியும் அதில் போய்விட்டது. எழுதியவர் இரண்டு நாள் என் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்தப் பந்தியை இன்னொருமுறை வாசித்துப் பார்த்தேன், வெட்டியது சரி என்றுதான் இப்போதும் படுகிறது. கட்டுரை கிணற்றின் அமைப்பைப் பற்றியது, பாட்டு வேறு திசைக்கு இழுத்தது. 'நிழல்கள்' படத்தைத் திரும்பப் பார்த்தபோதும் அதே எண்ணம்தான் வந்தது. இந்தப் பாட்டை எங்கே வைத்திருக்கலாம் என்று மனதால் தேடிப் பார்த்தேன். எனக்கு இடம் அகப்படவில்லை. வெட்டின துண்டை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. நான் என் துண்டுகளை லாச்சிக்குள் போட்டு வைக்கிறேன். துலாப் பாட்டுப் பந்தியும் அங்கேதான் இருக்கிறது, எழுதியவர் அறிக.

வெட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஸ்டான்லி குப்ரிக் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' எடுத்தபோது அலெக்ஸ் நோர்த் என்பவர் அதற்கு இசையமைத்துப் பதிவும் செய்து கொடுத்தார். 1968 இல் படம் வெளியானபோது நோர்த் போய் இருந்து பார்த்தார். அவருடைய இசையில் ஒரு துளியும் இல்லை. குப்ரிக் ஏற்கெனவே வந்திருந்த ஐரோப்பிய இசைத்தட்டுகளை வைத்தே படத்தை முடித்துவிட்டார். அந்த இசை அந்தப் படத்துக்கு எவ்வளவு பொருந்தியது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் மனுசனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நோர்த் இறந்த பிறகு, அவருடைய நண்பர் ஜெரி கோல்ட்ஸ்மித் அந்த இசையை 1993 இல் வாத்தியக்குழு வைத்து வாசித்துப் பதிந்தார்.

இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபொலிஸ்' என்ற ஊமைப்படம் 1927 சனவரியில் பெர்லினில் வெளியானது. நீளம் கூடிப்போனது என்று கொஞ்ச நாளிலேயே வெட்டிக் குறைத்தார்கள். வெட்டிய பகுதி தொலைந்தே போய்விட்டது என்று எண்பது வருடம் நம்பியிருந்தார்கள். ஆனால் வெட்டுமுன்னரே ஒரு முழுப் பிரதி அர்ஜென்ரீனாவுக்குக் கப்பலேறியிருந்தது. 2008 இல், புவனஸ் அயர்சில் உள்ள சினிமா அருங்காட்சியகத்தில், அதிலிருந்து எடுத்த 16 மில்லிமீற்றர் பிரதி ஒன்று அகப்பட்டது. கீறல் விழுந்து மழைபெய்வதுபோல இருந்த அந்தப் பிலிமிலிருந்து ஏறக்குறைய 25 நிமிடக் காட்சியை மீட்டார்கள். பெர்லினில் இல்லாதது பெர்லினுக்கு ஆகத் தூரத்திலே கிடந்தது. தலைமையிடத்தில் புதுப்பிரதி வந்தால் பழையதைத் தூக்கி எறிவார்கள். கடைசி மூலையில் இருக்கிறவனுக்கு முதலில் கிடைத்ததுதான், அதைத்தான் அவன் துடைத்துத் துடைத்து வைத்திருப்பான். எங்கள் குடாநாடும் அப்படி ஒரு மூலைதான் என்று எனக்கு எண்ணம்.

ஆனால் எங்களுடைய சொந்தப் பொருளுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இலங்கையிலும் தமிழ்ப்படம் எடுத்தார்கள். கட்டடக்கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972 இல் வந்தது. தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாண வாழ்வை வைத்து எடுத்த 'பொன்மணி' 1977 இல். செங்கை ஆழியானின் நாவலான 'வாடைக்காற்று' 1978 இல் படமானது. 1983 யூலை இனக்கலவரத்தில், ஹெந்தளையில் இருந்த படத் தயாரிப்பாளர் குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த பிலிம் சுருள்களும் எரிந்தன. அதில் சிங்களப் படங்களும் அடக்கம். அந்தக் காலத்து ஈழத்துப் படங்கள் பலவற்றுக்கு நல்ல பிரதி இன்று கிடையாது. பாட்டுகள் மட்டும் வானொலித் தட்டுகளாகவும், வானொலியிலிருந்து யாரோ பதிந்த கசெற்றுகளாகவும் தப்பியிருக்கின்றன. தமிழ்நாட்டுக்காரர் படத்தில் இல்லாத பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் படமே இல்லாத பாட்டை வைத்திருக்கிறோம்.

சினிமாவுக்கு வெளியே ஒரு இழப்பு இதைவிடப் பெரியது. பக்கத்து ஊரான இணுவிலில் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975 இல் போய்விட்டார். தஞ்சாவூர்ப் பெரிய நாதஸ்வரக்காரர்களே அவரைப் பக்கத்தில் வைத்து வாசிக்க ஆசைப்பட்டார்கள். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015 ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதையும் பெற்றது. அவருடைய கை எப்படிப் பேசியது என்று இன்றைக்குக் கேட்க நினைப்பவனுக்கு, கோயில் வீதியில் யாரோ ரசிகர் கொண்டுபோய் வைத்துப் பதிந்த நாடாக்கள்தான் கதி. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். நாதஸ்வரத்துக்கே அது காணாது, தனித் தவிலுக்கு எங்கே இடம்? கோயிலிலோ தனி ஒன்று தொடங்கினால் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிட்டப் போய் இருந்துவிடும், சாமி வீதியில் காத்து நிற்கும். நாடாவில் ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போடவேண்டும். திருப்புகிற அந்த அரை நிமிடத்தில் என்ன போனது என்பது அங்கே நின்றவருக்குத்தான் தெரியும்.

குஞ்சியப்பாவிடம் அப்படி ஒரு கசெற் இருந்தது. ஸ்பூலில் இருந்து கசெற்றுக்கு மாற்றியது, ஊர்க் கோயிலொன்றின் திருவிழாக் கச்சேரி. கசெற்றின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் பல்லு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறொன்றைப் பதியமுடியாது. குஞ்சியப்பா கவனமாக உடைத்துத்தான் வைத்திருந்தார். பதினான்கு வயதில் எனக்கு ஒரு வெறுங் கசெற் தேவைப்பட்டது. உடைந்த இடத்தில் கடதாசியை மடித்து அடைத்தால் பதியலாம் என்று பள்ளிக்கூடத்துப் பெடியன் ஒருவன் சொல்லித்தந்திருந்தான். அடைத்தேன். பதிந்தேன். றேடியோவில் போன புதுப்படப் பாட்டு ஆறு. இடையில் பற்பசை விளம்பரம் ஒன்றும் சேர்ந்து விழுந்தது. குஞ்சியப்பா என்னை அடிக்கவில்லை. கசெற்றை ஒருமுறை போட்டுக் கேட்டார், நிறுத்தினார், வெளியே போய்விட்டார். யாராவது தவில் கசெற் இருக்கிறது என்று சொன்னால் நான் இப்போதும் ஓடிப்போய் நிற்பது அதனால்தான்.

மிச்சத்தை 1995 அக்டோபர் 30 பார்த்துக்கொண்டது. அன்று இரவு யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கசெற்றுகளைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கு மனம் வரும்? திரும்பிவந்த வருடம், எங்கள் சிவப்பு மண்ணில் முதல்முறை பயிர் போட்டவர்கள் குருவி கலைக்கக் கசெற் நாடாவைத் தடி நட்டு இழுத்துக் கட்டினார்கள். காற்றடித்தால் நாடா உறுமும், வெயிலில் மின்னும். குருவி கிட்ட வராது. வீடுகளில் உடைந்து கிடந்த கசெற்றுகள்தான். யாருடைய கலியாணமோ, எந்தக் கோயில் மேளமோ.

இனி விசயத்துக்கு வருகிறேன். அந்தப் பிஸ்கற் ரின் எங்கள் மேசைக்கு வந்த பிறகு, கசெற்றிலிருந்து கணினிக்கு மாற்றும் ஒழுங்கு ஒன்றைச் செய்திருக்கிறோம். உங்கள் அலுமாரியிலோ பரணிலோ இருந்தால் கொண்டுவாருங்கள். கடையில் வாங்கின படப்பாட்டுக் கசெற் எங்களுக்கு அவசரமில்லை. நீங்களோ உங்கள் வீட்டாரோ பதிந்தது வேண்டும்: கோயில் மேளம், நாடகம், வில்லிசை, றேடியோ நிகழ்ச்சி, வெளிநாட்டில் இருந்த மகனுக்குப் பேசி அனுப்பின கசெற்றின் மறுபிரதி. மாற்றிய பிறகு கசெற்றை உங்களிடமே தருவோம், கூடவே ஒரு பென்டிரைவும். சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை நான் இருப்பேன்.

ஒரு வேண்டுகோள். ஆசையில் வீட்டிலேயே போட்டுப் பார்க்காதீர்கள். இருபது வருடம் ஓடாத நாடா வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருக்கும், பழைய பிளேயருக்குள் சிக்கினால் அதோடு சரி. சுற்றுத் தளர்ந்திருந்தால் பென்சிலை விட்டு மெதுவாக இறுக்குங்கள், அது போதும். வெயிலில் காயவைக்கவேண்டாம். முதுகுப் பல்லு உடையாமல் இருந்தால் அதை மட்டும் உடைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், நான் சொல்கிறேன்.

அந்தப் பதினொன்றில் நாலை இதுவரை மாற்றியிருக்கிறோம். மூன்றாவது கசெற்றில் ஒரு பக்கம் முழுக்கத் தவில். வாசிப்பவர் யார் என்று அட்டையில் இல்லை. தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறோம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள். தனி உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது நாடா முடிந்துவிடுகிறது. முடிவதற்குச் சற்று முன்னால், மைக்குக்குக் கிட்ட நின்ற யாரோ அவசரமாகச் சொல்வது கேட்கிறது: "முடியப்போகுது, திருப்பு, திருப்பு!" மறுபக்கத்தைப் போட்டோம். தவில் இல்லை. குழந்தை ஒன்று அழுகிறது, ஒரு பெண் அதை ஆராட்டிக்கொண்டே "உதை நிப்பாட்டுங்கோவன், பிள்ளை பயப்படுது" என்கிறாள்.

சைக்கிளில் வந்த ஐயாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம், இந்தச் சனிக்கிழமை வருகிறாராம்.

அன்புடன்,
ஆசிரியர்
உரும்பிராய்